தும்பையை விதைக்கு விடுவோம்

வெளுத்து மடித்த வேட்டியைப் பார்த்தால் ‘தும்பைப் பூப் போல’ என்கிறோம். உவமைத் தொடரை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால் மாணவர்களும் தவறின்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால் தும்பைப் பூவை நேரில் பார்த்தவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் கேட்டபோது நான்கு கைகள் உயர்ந்தன. அந்த நால்வரையும் வளாகத்துக்குள் அழைத்துச் சென்று காட்டச் சொன்னேன். இருவர் வெட்டுக்காயப்பூண்டைக் காட்டினார்கள். மற்ற இருவரும், ‘எங்க பாட்டி ஊர்ல இருக்கு, இங்க இல்ல டீச்சர்’ என்றார்கள். அவர்கள் சொன்னதே சரி.

தும்பை அற்றுப்போகும் நிலையில் உள்ள தாவரம் அன்று. மழைக்குப் பின் தரிசிலும் வயல் வரப்பிலும் இன்றும் முளைக்கிறது. ஆனால் சுற்றுச்சுவருக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு அது அரிய பூ ஆகிவிட்டது. சில ஆண்டுகளாக வீட்டுக் கொல்லையிலும் தொட்டிகளிலும் தும்பை வளர்த்து வருகிறேன். அந்த விதையில்தான் பள்ளியிலும் ஒரு பாத்தி உருவானது. வளர்ப்பது கடினமே அல்ல. அடுத்த ஆண்டும் அதை அங்கே இருக்கச் செய்வதுதான் கடினம். அது ஏன் என்பதையும், அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் ஆசிரியர் நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அடையாளம் காண்பது எப்படி?

தும்பையின் தாவரவியல் பெயர் லியூகஸ் ஆஸ்பெரா. ‘லியூகோஸ்’ என்றால் கிரேக்கத்தில் வெண்மை. ‘ஆஸ்பெரா’ என்றால் இலத்தீனில் சொரசொரப்பானது. வெள்ளைப் பூ, சொரசொரப்பான செடி என்று பெயரே அடையாளம் சொல்லிவிடுகிறது. துளசி, கற்பூரவல்லி, புதினா ஆகியவை அடங்கிய லாமியேசி குடும்பத்தைச் சேர்ந்தது.

முழங்கால் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் வளராது. தண்டை இரு விரல்களுக்கு இடையே வைத்து உருட்டிப் பார்த்தால் உருளாது. நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் நீண்டு குறுகியவை. ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். அடுத்த கணுவின் இணை அதற்குக் குறுக்காக நிற்கும். கணுக்களிலும் கிளை நுனியிலும் பச்சை நிற உருண்டைக் கொத்துகள் இருக்கும். அந்தக் கொத்திலிருந்து வெள்ளைப் பூக்கள் ஒரே நாளில் எல்லாம் மலராமல் சில சிலவாக வெளியே எட்டிப் பார்க்கும்.

பூவைக் கைக்கண்ணாடியில் காட்டுங்கள். மேலுதடு சிறியது, வெண்ணிறப் பஞ்சு போன்ற மயிர் அடர்ந்தது. கீழுதடு பெரியது, மூன்று மடலாகப் பிரிந்து முன்னோக்கி விரிந்திருக்கும்.

பெயரில் குழப்பம் வரலாம். கவிழ்தும்பை என்றொரு செடி உண்டு. அதன் பூ தலை கவிழ்ந்து, இளநீல நிறச் சாயலோடு, ஏறத்தாழ ஒரே அளவிலான ஐந்து இதழ்களோடு இருக்கும். அது போராஜினேசி என்ற வேறு குடும்பம். ஊர்ப்பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவு ஒன்றல்ல என்று வகைப்பாட்டியல் பாடத்தில் சொல்ல இதைவிட நல்ல சான்று அருகில் கிடைக்காது.

ஏன் காணாமல் போகிறது?

தும்பை ஓராண்டுச் செடி. முளைத்து, பூத்து, விதை தந்து, ஒரு பருவத்துக்குள் காய்ந்துவிடும். வேப்பமரத்தை வெட்டினால் அடிமரத்திலிருந்து துளிர்க்கிறது. அருகம்புல்லைச் செதுக்கினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து மீண்டும் கிளம்புகிறது. தும்பைக்கு அப்படி ஒரு மறுவாழ்வு இல்லை. அடுத்த ஆண்டுக்கு அது விட்டுச் செல்வது விதை மட்டுமே.

அந்த விதைக்கும் ஓர் எல்லை உண்டு. வெட்டுக்காயப்பூண்டின் விதையில் பஞ்சுக் குடை இருக்கிறது. காற்று அதைச் சுவர் தாண்டிக் கொண்டு போகும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி நம் பள்ளி வளாகங்கள் அனைத்திலும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தும்பை விதைக்குக் குடையும் இல்லை, இறக்கையும் இல்லை. வழவழப்பான சிறு கொட்டையாகத் தாய்ச்செடியின் காலடியிலேயே பெரும்பாலும் விழுகிறது. மழைநீர் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

மண்ணில் விழுந்த விதைகள் எல்லாம் அதே ஆண்டில் முளைப்பதில்லை. சில, அடுத்தடுத்த பருவங்களுக்காக உறங்கிக் கிடக்கும். மாணவர்களுக்கு இதை வங்கிக் கணக்கு என்று சொல்லி விளக்குவேன். ஒவ்வோர் ஆண்டும் செடி பூத்து விதை போட்டால் கணக்கில் வரவு. விதை முற்றும் முன்பே செடியைப் பிடுங்கினால் செலவு மட்டும்தான். சில ஆண்டுகள் இப்படியே போனால் இருப்பு தீர்ந்துவிடும். சுற்றுச்சுவர் சூழ்ந்த ஒரு வளாகத்தில் இருப்பு தீர்ந்தபின் தும்பை தானாகத் திரும்பி வருவது அரிது. யாராவது கையில் எடுத்து வர வேண்டும்.

பிடுங்குவது மட்டுமா? களைக்கொல்லி தெளிப்பது, தரை முழுவதும் சிமெண்டுக் கற்கள் பதிப்பது, அறுவடை முடிந்ததும் உழுதுவிடுவது, காலி மனையில் மண் கொட்டி மேடாக்குவது என எல்லாமே அந்தக் கணக்கை முடித்துவைப்பவைதாம்.

விதை சேகரித்தல்

வடகிழக்குப் பருவமழையில் முளைத்த செடிகள் மார்கழி, தை மாதங்களில் முற்றத் தொடங்கும். கொத்தின் பச்சை மங்கிப் பழுப்பு நிறமானதும் தயார் என்று பொருள். பூ உதிர்ந்தாலும் அதைத் தாங்கியிருந்த புல்லிக் குழல் செடியிலேயே நிற்கும். அதன் அடியில்தான் விதை இருக்கிறது. ஒரு பூவுக்கு அதிக அளவாக நான்கு. ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் நீளம், பழுப்பு நிறம், ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் கோணம்.

காய்ந்த கொத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒரு செய்தித்தாளின் மேல் தட்டினால் விதைகள் கொட்டும். முற்றாத கொத்திலிருந்து ஒன்றும் விழாது. எனவே செடியைப் பிய்க்க வேண்டியதில்லை, தட்டினால் போதும். சேகரிக்கும்போது மூன்று விதிகளை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதலாவது, ஓர் இடத்தில் பத்துச் செடி இருந்தால் ஒன்றிரண்டிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மீதி அந்த இடத்துக்கே உரியது. இரண்டாவது, பிறர் நிலமாக இருந்தால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். மூன்றாவது, தொலைவிலிருந்து வரவழைப்பதைவிட நம் ஊரைச் சுற்றிய செடிகளின் விதையையே எடுக்க வேண்டும். நம் மண்ணுக்கும் மழைக்கும் பழகிய செடி அது.

நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காகித உறையில் போட்டு, செடியின் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

விதைத்தல்

புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசித் தொடக்கம் ஏற்ற காலம். நல்ல வெயில் படும் இடம் தேவை. மரநிழலில் செடி நெட்டையாகி மெலிந்துவிடும். மண்ணுக்குப் பெரிய பக்குவம் தேவையில்லை. காய்கறிக்குப் போடுவது போல எரு போட்டால் இலைதான் கொழிக்கும். தண்ணீர் தேங்காமல் வடிந்தால் போதும். வீட்டில் இடம் இல்லாதவர்கள், அடியில் துளையிட்ட ஓரடி அகலத் தொட்டியிலோ பழைய வாளியிலோ வளர்க்கலாம். ஒரு தொட்டிக்கு மூன்று நான்கு செடிகள் போதும்.

மண்ணைக் கிளறிச் சமப்படுத்தி, நீர் தெளித்து, விதையை மணலோடு கலந்து தூவுங்கள். விதை மிகச் சிறியது. அதன் மேல் விதையின் கனத்துக்கு மேல் மண் போட வேண்டாம். கையால் லேசாக அழுத்திவிட்டாலே போதும். மேல்மண் காயாமல் பூவாளியால் தெளித்து வாருங்கள். குடத்தால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துச் செல்லப்படும்.

காய்கறி விதை போல ஒரே வாரத்தில் எல்லாம் முளைத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில முதலில் வரும், சில பல நாள் கழித்து வரும், சில வரவே வராது. காட்டுச் செடியின் வழக்கம் அது. எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்து, அடுத்து வெயில் காய்ந்தால் அந்த இடத்தில் வம்சமே போய்விடுமே! மெதுவாக முளைப்பதும் ஒரு பாதுகாப்பு. இதையே ஒரு கேள்வியாக்கி மாணவர்களிடம் விடுங்கள்; அருமையான பதில்கள் வரும்.

ஆறு இலை வரும்வரை அந்த இடத்தில் எதையும் களையெடுக்க வேண்டாம். பிறகு தண்டின் நான்கு பட்டையையும், கசக்கிய இலையின் நெடியையும் வைத்துத் தும்பையை உறுதிசெய்துகொண்டு மற்றதை நீக்கலாம். பார்த்தீனியம் இருந்தால் அது பூக்கும் முன்பே பெரியவர்கள் கையுறை அணிந்து பிடுங்க வேண்டும். மாணவர்களை அதில் ஈடுபடுத்தக் கூடாது. என் தொட்டிகளில் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முதல் பூ வந்துவிடுகிறது. இலையில் புழு கடித்த துளை இருந்தால் இருக்கட்டும். பூச்சிமருந்து தெளித்தால் தேனீயும் வராது. தேனீ வராவிட்டால் பாதிப் பாடம் போயிற்று.

பூத்த செடி, திறந்த பாடநூல்

தொடக்க வகுப்புகளுக்கு: இலைகளை இணை இணையாக எண்ணலாம். கணுவுக்கு இரண்டு என்பதால் இரண்டாம் வாய்பாடு செடியிலேயே இருக்கிறது. சதுரத் தண்டையும் உருண்டைத் தண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு வேறுபடுத்தச் சொல்லலாம். ஒரே செடியை வாரம் ஒருமுறை அளந்து, வரைந்து, நாள் குறித்து வைக்கலாம்.

நடுநிலை வகுப்புகளுக்கு: ஒரு கொத்தில் எத்தனை புல்லிக் குழல்கள், ஒரு செடியில் எத்தனை கொத்துகள் என்று எண்ணி, நான்கால் பெருக்கினால் அந்தச் செடி தரக்கூடிய விதையின் உச்ச அளவு கிடைக்கும். பிறகு பத்துக் குழல்களைப் பிரித்து உண்மையில் எத்தனை விதை இருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டு எண்களும் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்ற கேள்விதான் அன்றைய அறிவியல் பாடம்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு: தும்பைப் பூவையும் துளசிப் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் நான்கு மகரந்தத்தாள்கள். ஆனால் தும்பையில் அவை மேலுதட்டின் பஞ்சுக் கூரைக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. துளசியில் கீழுதட்டின் பக்கம் சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. தும்பையின் கீழுதட்டில் வந்து இறங்கும் தேனீ, குழலின் அடியில் உள்ள தேனுக்காகத் தலையை நுழைக்கும்போது மகரந்தம் மேலிருந்து அதன் தலையிலும் முதுகிலும் படியும். துளசியில் அது வயிற்றுப் பக்கம் படியும். இரண்டு பூக்களுக்கும் வரும் பூச்சி ஒன்றே ஆனாலும் மகரந்தம் ஒட்டும் இடம் வேறு. படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வதற்கு முன் இதைக் காட்டிவிட்டால், மகரந்தத்தாளை எங்கே வரைவது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

காலை இடைவேளையில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, வரும் பூச்சிகளைத் தேனீ, வண்ணத்துப்பூச்சி, எறும்பு, மற்றவை என்று நான்கு கட்டத்தில் கோடிட்டு எண்ணலாம். ஒரு வாரத்தில் பட்டை வரைபடம் தயார்.

பூவின் அடியை உறிஞ்சினால் ஒரு துளி தேன் இனிக்கும் என்று மாணவர்களின் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். மருந்து தெளிக்காத நம் பாத்தியில் ஆசிரியர் முன்னிலையில் மட்டும் அதற்கு அனுமதியுங்கள்; சாலையோரப் பூவில் வேண்டாம். தும்பை சித்த மருத்துவத்தில் பயன்படும் மூலிகை என்று சொல்லலாம். ஆனால் எந்த நோய்க்கு எவ்வளவு என்பது மருத்துவரின் வேலை. வகுப்பறையில் கைவைத்தியம் வேண்டாம்.

தமிழ் வகுப்பிலும் இடம் உண்டு

புறத்திணைகளைச் சொல்லும்போது வெட்சி, கரந்தை, வஞ்சி என்று வரிசையாக ஒப்பிக்க வைக்கிறோம். அவை பூக்களின் பெயர் என்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது. இரு தரப்பாரும் ஒரு களத்தில் எதிர்நின்று, தம் வலிமையை நிலைநாட்டப் பொரும் போர் தும்பைத்திணை. தொல்காப்பியம் அதை நெய்தல் திணைக்குப் புறனாக வைக்கிறது. பாத்தி அருகே இந்தப் பாடத்தை நடத்தினால் மாணவர்களே கேட்கிறார்கள்: ‘இவ்வளவு சின்னப் பூவை எப்படி மாலை கட்டினார்கள்?’ தொட்டால் கழன்று வரும் பூவை நாரில் கோத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூக்களைத் தனித்தனியாகக் கோத்தார்களா, கொத்தோடு சேர்த்துக் கட்டினார்களா என்று விவாதம் தொடங்கும். விடையை நாம் சொல்ல வேண்டியதில்லை. சூத்திரத்தில் இருந்த சொல் அன்று கைக்கு வந்துவிடுகிறது.

காய்ந்த செடிதான் சொத்து

இனிதான் கடினமான பகுதி. பூத்து முடிந்ததும் தும்பை அழகாக இருக்காது. இலை உதிர்ந்து, தண்டு பழுத்து, கொத்துகள் கருகினாற்போல நிற்கும். ‘காஞ்சு போனத ஏன் இன்னும் வச்சிருக்க? பிடுங்கிப் போட்டுட்டு ரெண்டு கத்திரி வைக்கலாமே’ என்று வீட்டில் என் மாமியார் கேட்டார். ‘இது விதைக்கு விட்டது அத்தை’ என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொடியில் நல்ல சுரைக்காய் ஒன்றை விதைக்கு விட்டு, அது முற்றிக் காயும்வரை யாரையும் தொடவிடாத தலைமுறை அவருடையது. அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. இப்போது பாத்தி ஓரம் யாராவது கை வைத்தால் முதலில் தடுப்பவர் அவர்தான்.

பள்ளியில் இது இன்னும் சிக்கல். குடியரசு நாளுக்காக நாம் வளாகத்தைச் சுத்தம் செய்வது சனவரி மூன்றாவது, நான்காவது வாரத்தில். வடகிழக்குப் பருவமழையில் முளைத்த தும்பை விதை முற்றுவதும் ஏறக்குறைய அதே நாட்களில். கொடியேற்றும் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நாம் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலையில், ஓராண்டுச் செடிகளின் அடுத்த தலைமுறை முழுவதும் குப்பையோடு போய்விடுகிறது. சுத்தம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. புதர் மண்டினால் பாம்பு வரும் என்ற அச்சமும் நியாயமானதே. பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

எனவே தலைமையாசிரியரிடம் பேசி ஒரு சிறு இடத்தை மட்டும் கேட்டோம். பிள்ளைகள் ஓடியாடாத, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும் ஓரத்தில், பத்தடி நீளம், இரண்டடி அகலம். கை நீட்டினால் மறுபக்கம் எட்டும் அகலம் என்பதால் உள்ளே இறங்க வேண்டியதில்லை. செடி முழங்கால் அளவே என்பதால் மறைவும் இல்லை. சுற்றிலும் செங்கல் பதித்து வெள்ளையடித்தோம். பசுமைப்படை மாணவர்கள் ஒரு பலகை எழுதி வைத்தார்கள்: ‘இது களை அல்ல. விதைக்கு விட்ட தும்பை. மாசி பிறந்ததும் அகற்றுவோம்.’ கடைசி வாக்கியம் முக்கியம். எப்போது முடியும் என்று தெரிந்தால் துப்புரவுப் பணியாளர் அக்காவும் பொறுத்துக்கொள்கிறார், வருகைதரும் அலுவலரும் கேள்வி கேட்பதில்லை.

மாசியில் கொத்துகளைத் தட்டி, பாதி விதையை அதே பாத்தியில் விழவிட்டு, மீதியை உறையில் சேர்க்கிறோம். பிறகு செடியைப் பிடுங்காமல், தரையோடு வெட்டி அகற்றுகிறோம். வேர் மண்ணிலேயே மக்கட்டும்; மேல்மண் கலையாமல் விதை அங்கேயே கிடக்கட்டும். அடுத்த ஐப்பசி வரை அந்தப் பாத்தி வெறும் மண்தான். அதில் ரோஜாவோ குரோட்டன்சோ வைக்கலாம் என்று யாராவது ஆசைப்படுவார்கள். மென்மையாக மறுத்துவிடுங்கள்.

இந்த ஆண்டு தொடங்க

ஆவணி, புரட்டாசி: இடம் தேர்வு, தலைமையாசிரியர் அனுமதி, செங்கல் எல்லை. விதை கையில் இல்லாவிட்டால், இந்த ஆண்டு வயல் வரப்பில் செடியை அடையாளம் கண்டு வைத்து, தை மாதத்தில் சேகரித்து, அடுத்த ஆண்டு விதைக்கலாம், அவசரமில்லை.

ஐப்பசி: விதைத்தல், பெயர்ப் பலகை.

கார்த்திகை, மார்கழி: வார அளவீடு, பூச்சிக் கணக்கு, துளசியோடு ஒப்பீடு, தும்பைத்திணைப் பாடம்.

தை: தொடாமல் காத்திருத்தல். குடியரசு நாள் தூய்மைப் பணிக்கு முன் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு நிமிட அறிவிப்பு.

மாசி: விதை தட்டுதல், உறையிடுதல், செடியை வெட்டி அகற்றுதல்.

உறைகளை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டாம். ஆண்டு இறுதியில் பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வொரு மாணவருக்கும் பத்து விதைகள் கொடுங்கள். உறையின் மேல் ‘எங்கே விதைத்தேன்’ என்று ஒரு கோடு காலியாக விட்டுவையுங்கள். அதை அவர்கள் ஐப்பசியில் நிரப்புவார்கள்.